ஜமக்காளம், பொம்மைக் கார், கொஞ்சம் பற்று வரவு

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. செப்டம்பர் 30 அரையாண்டுக் கணக்கு முடிப்பு வேலை பெண்டை நிமிர்த்திவிட்டது. (வங்கிக்காரனுக்குத் தீபாவளி மறந்தாலும் மார்ச் 31-ம் செப்டம்பர் 30-ம் மறக்காது.) இன்றைக்கு எழுத வந்திருப்பது வங்கியைப் பற்றி இல்லை, இயற்பியலைப் பற்றி. பி.காம். படித்தவனுக்கு இயற்பியலில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். இந்தப் பதிவே அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. நாக்பூருக்கு மாற்றலாகி வந்து இது மூன்றாவது வருடம். போன மாதம் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால், டிவி கூட ஓடவில்லை. தங்கமணி கண்ணாலேயே உள் அறையைக் காட்டினார். "ஏனுங்க, நீங்களே என்னன்னு கேளுங்க. ஸ்கூல்ல இருந்து வந்ததும் போய்ப் படுத்தவ, இன்னும் எந்திரிக்கலை."

அறிவியல் பரீட்சை விடைத்தாள் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். கேள்வி இதுதான்: தரையில் உருட்டிவிட்ட பந்து கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுகிறது. ஏன்? மகள் எழுதியிருந்தது: நாம் பந்துக்குக் கொடுத்த விசை உருள உருளத் தீர்ந்துபோகிறது, அதனால் நின்றுவிடுகிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பூஜ்யம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தப் பதிலை வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"பத்தாவது முடிச்சதும் நான் காமர்ஸே எடுத்துக்கறேன்ப்பா. எனக்கு சயின்ஸ் வராது. உங்களுக்கும் வரலைதானே?"

குத்திக்காட்டும் தொனியே இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஈரோடு பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் பத்தாவது படித்தபோது, இதே மாதிரி ஒரு நாள் கரும்பலகை முன்னால் விடை தெரியாமல் நின்றிருக்கிறேன். வகுப்பு சிரித்தது. பத்தாவதில் மார்க் மோசமில்லை, முதல் குரூப் கிடைத்திருக்கும். நான் விண்ணப்பத்தில் காமர்ஸ் என்று எழுதிக் கொடுத்தேன். காமர்ஸ் எனக்குச் சோறு போட்டது, பிறகு பிடித்தும் போனது. ஆனால் நான் அதைத் தேடிப் போகவில்லை. இயற்பியலுக்குப் பயந்து ஓடிப்போய் அங்கே ஒளிந்துகொண்டேன். முப்பது வருடம் கழித்து மகளும் அதே கதவு வழியாக ஓடி வருகிறாள் என்றால் தூக்கம் எப்படி வரும்?

இதில் இன்னொரு கேவலம் என்னவென்றால், அவள் எழுதிய பதில் எனக்கும் சரியாகத்தான் தோன்றியது :-)

அப்புறம் இரண்டு வாரம் ராத்திரியில் உட்கார்ந்து படித்தேன். படித்ததை மகனுடைய பொம்மைக் கார்களை வைத்து மூன்று பேருமாகச் செய்து பார்த்தோம். அந்தக் கதைதான் இது.

*

முதலில் அந்தப் பெருக்கல் குறி வாங்கிய பதிலுக்கு வருவோம். அதன் குலம் கோத்திரம் விசாரித்தால் பெரிய இடம்!

கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், எதுவும் நகர்ந்துகொண்டிருக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். கையை விட்டுப் போன கல்லை யார் தள்ளுகிறார்கள் என்று கேட்டால், அதைச் சுற்றியிருக்கும் காற்று என்பது அவருடைய பதில். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவில் இருந்த பிலோபொனஸ் இதை ஏற்கவில்லை. காற்றுதான் தள்ளுகிறது என்றால் கல்லுக்குப் பின்னால் விசிறினாலே போதுமே, எறிவானேன் என்று கேட்டார். எறிபவன் கல்லுக்குள் ஒரு சக்தியை வைத்து அனுப்புகிறான், அது தீர்ந்ததும் கல் நின்றுவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். என் மகள் எழுதிய பதில் இதுதான். ஒரு எழுத்து கூட மாற்ற வேண்டாம்.

நம் நாட்டில் வைசேஷிக தத்துவக்காரர்களும் இந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். வில்லிலிருந்து கிளம்பும் அம்பின் முதல் அசைவு நாண் தள்ளுவதால் வருகிறது. அதன் பிறகு அம்பில் தங்கிவிட்ட 'சம்ஸ்காரம்' அதைக் கொண்டுபோகிறது. அது இல்லாமல் போனதும் கனத்தால் அம்பு விழுகிறது. கணாதர் பெயரில் வழங்கும் சூத்திரங்களில் இருக்கும் விளக்கம் இது. (இதைக் காட்டி நியூட்டன் விதி அப்போதே நம்மிடம் இருந்தது என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு. ஆனால் அந்தக் காலத்துக்கு அபாரமான யோசனை, அதில் சந்தேகமே இல்லை.)

பதினொன்றாம் நூற்றாண்டில் இப்னு சீனாவும் பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் புரிடானும் ஒரு படி மேலே போனார்கள். பொருளுக்குள் போன அந்தச் சக்தி தானாகத் தீராது, வெளியிலிருந்து வரும் எதிர்ப்புதான் அதைக் கரைக்கிறது என்றார்கள். பொருளில் சரக்கு எவ்வளவு அதிகமோ, வேகம் எவ்வளவு அதிகமோ, அந்தச் சக்தியும் அவ்வளவு அதிகம் என்றும் புரிடான் சொல்லிவிட்டார். கிட்டத்தட்ட வாசல் வரை வந்துவிட்டார்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1983-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் மெக்ளாஸ்கி என்ற உளவியலாளர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கல்லூரி மாணவர்களிடம் பந்து எப்படிப் போகும், எங்கே விழும் என்று கேட்டுப் பார்த்த ஆராய்ச்சி. பலருடைய மனதில் இருந்தது நியூட்டன் இல்லை, புரிடான் காலத்துக் கருத்துதான். அவர்களில் இயற்பியல் படித்தவர்களும் இருந்தார்கள்.

இதை மகளிடம் சொன்னேன். "அப்போ என் ஆன்சர் ரைட்டாப்பா?" என்றாள். "தப்புதான் கண்ணு. ஆனா ஆயிரம் வருஷம் பெரிய பெரிய ஆளுங்க பண்ணின தப்பு. சிரிக்கிற தப்பு இல்லை" என்றேன். முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம். போன உயிர் பாதி வந்தது எனக்கு.

*

தப்பு என்று சொல்லியாயிற்று, அதைக் காட்ட வேண்டாமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இடம் ஒதுக்கினோம். துணி தேய்க்கும் பலகையை ஒரு பக்கம் பத்து சென்டிமீட்டர் உயர்த்திச் சரிவாக்கினோம். பலகை தரையைத் தொடும் இடத்தில் ஒரு அட்டையை ஒட்டி, கார் தடுக்காமல் இறங்க வழி செய்தோம். மகனுடைய ஹாட் வீல்ஸ் கார் ஒன்றை மேலிருந்து தள்ளாமல் விட வேண்டும். விடுவதற்கு முன் எதுவரை போகும் என்று மூன்று பேரும் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட வேண்டும்.

முதலில் ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமக்காளத்தை விரித்தோம். கார் இரண்டு அடி போய் நின்றது. அடுத்து கோரைப்பாய். நாலு அடிக்கு மேல் போனது. பிறகு வெறும் டைல்ஸ் தரை. கார் ஹாலைத் தாண்டி, சமையலறை வாசலைத் தாண்டி, சுவரில் போய் முட்டியது.

"ஒரே கார். ஒரே உயரம். உள்ள வெச்சு அனுப்பின விசை தீர்ந்து நிக்குதுன்னா, மூணு தடவையும் ஒரே தூரத்துலதானே தீரணும்?" என்று கேட்டேன்.

மகள் கொஞ்ச நேரம் ஜமக்காளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜமக்காளம்தான் நிறுத்துது" என்றாள். "தரை இன்னும் வழுவழுன்னு இருந்தா இன்னும் போகும்." சுத்தமா உராய்வே இல்லாவிட்டால்? "நிக்கவே நிக்காது... ஆனா அப்படி ஒரு தரை எங்கயும் இல்லையேப்பா."

இல்லைதான். கலிலியோவிடமும் இல்லை. அவர் 1632-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதே வழியில்தான் யோசிக்கிறார். சரிவில் இறங்கும் பந்து வேகம் கூடும். சரிவில் ஏறும் பந்து வேகம் குறையும். ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் சமதளமாக இருந்தால், கூடவும் காரணமில்லை, குறையவும் காரணமில்லை. தடை எதுவும் இல்லையென்றால் போய்க்கொண்டேதான் இருக்க வேண்டும். 1638-ல் வந்த 'இரண்டு புதிய அறிவியல்கள்' நூலில் தன் சோதனையை விவரிக்கிறார். பன்னிரண்டு முழ நீளக் கட்டையில் ஒரு பள்ளம் வெட்டி, அதை வழவழப்பாக்கித் தோல்தாள் ஒட்டி, உருண்டையான வெண்கலக் குண்டை உருட்டினார். நேரம் அளக்க, பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரை எடை போட்டார். ஒவ்வொன்றையும் நூறு தடவைக்குக் குறையாமல் செய்தேன் என்கிறார். அந்த நூல் வெளிவந்தபோது அவர் வீட்டுக் காவலில் இருந்தார்.

இல்லாத தரையை மனதில் விரித்து யோசிக்கும் இந்த வித்தை காமர்ஸ்காரனுக்குப் புதிதில்லை. பொருளாதாரத்தில் தேவை விதி படிக்கும்போது, 'மற்றவை மாறாதிருந்தால்' என்று ஒரு வரி வருமே, அதேதான். கலிலியோ உராய்வைக் கணக்கிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தார்.

உராய்வை நிஜமாகவே குறைத்துக் காட்டிய பெருமையில் பொம்மைக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தில் லெஸ்னி நிறுவனம் 1953-ல் மேட்ச்பாக்ஸ் கார்களைக் கொண்டுவந்தது. அழகான கார்கள், ஆனால் தள்ளினால் ரொம்ப தூரம் ஓடாது. 1968-ல் அமெரிக்காவில் மேட்டல் நிறுவனத்தின் எலியட் ஹேண்ட்லர் ஹாட் வீல்ஸை இறக்கினார். மெல்லிய அச்சு, உராய்வு குறைந்த பிளாஸ்டிக் தாங்கி என்று சக்கரத்திலேயே கவனம் வைத்ததால் கார் பறந்தது. மேட்ச்பாக்ஸ் பயந்துபோய் 1969-ல் 'சூப்பர்ஃபாஸ்ட்' என்று தன் சக்கரங்களை மாற்றிக்கொண்டது. வியாபாரப் போட்டிதான். ஆனால் அதனால்தான் இன்றைக்கு நம் வீட்டு ஹாலில், தள்ளாமலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைக் குழந்தை பார்க்க முடிகிறது.

*

அடுத்த ஞாயிறு, மோதல் படலம். இதில்தான் என் பி.காம். கை கொடுத்தது.

ஒரே எடையில் இரண்டு கார்கள். முன்னாலும் பின்னாலும் துளி சப்பாத்தி மாவு ஒட்டினோம், மோதினால் பிரியாமல் சேர்ந்து போக. (தங்கமணியின் முறைப்பைப் பொருட்படுத்தவில்லை.) செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ. எங்கள் வீட்டு டைல்ஸ் இரண்டு அடி. ஒற்றைக் கார் ஒரு டைல்ஸைக் கடக்க அரை நொடி ஆனது. நின்றுகொண்டிருந்த காரில் மோதி இரண்டும் ஒட்டிக்கொண்டு போனபோது, ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலே. எடை இரண்டு மடங்கு, வேகம் பாதி. எடையையும் வேகத்தையும் பெருக்கினால் முன்னாலும் பின்னாலும் கிட்டத்தட்ட அதே தொகை. இந்தப் பெருக்குத் தொகைக்குப் பெயர்தான் உந்தம்.

பிறகு மகன் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். இரண்டு கார்களையும் ஒரே வேகத்தில் எதிரெதிராக விட்டார்கள். டப். இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன.

"இப்போ உந்தம் எங்கே போச்சு?" என்றாள் மகள். "முன்னாடி ரெண்டு காருக்கும் இருந்துச்சு. இப்போ ஒண்ணுமே இல்லை."

இந்த இடத்தில்தான் தெகார்த் என்ற மேதை கவிழ்ந்தார். 1644-ல் அவர் எழுதிய 'தத்துவத்தின் கோட்பாடுகள்' நூலில், உலகத்தில் உள்ள மொத்த இயக்கத்தின் அளவு மாறாது, ஏனென்றால் அதைப் படைத்த கடவுள் மாறாதவர் என்றார். இயக்கத்தின் அளவு என்றால் பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. யோசனை பிரமாதம். ஆனால் அவர் திசையை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும் ஒரே மாதிரி கூட்டினார். அதை வைத்து மோதலுக்கு ஏழு விதிகள் எழுதினார். பெரும்பாலானவை தப்பு. நான்காவது விதி என்ன தெரியுமா? நின்றுகொண்டிருக்கும் பெரிய பொருளை அதைவிடச் சிறிய பொருள் எவ்வளவு வேகமாக மோதினாலும் அசைக்கவே முடியாது!

மகனிடம் ஒரு டிப்பர் லாரி உண்டு. அதில் நாணயங்களை நிரப்பி, கிச்சன் தராசில் வைத்துக் காரைப்போல நாலு மடங்கு எடைக்குக் கொண்டுவந்தோம். சின்னக் காரை விட்டு மோதினோம். "நகந்துருச்சு! நகந்துருச்சு!" என்று மகன் குதித்தான். ஏழு வயதுப் பையன் தெகார்த்தை ஜெயித்துவிட்டான்.

சரி, மகள் கேட்ட கேள்விக்கு என்ன பதில்? ஒரு காகிதத்தை எடுத்து நடுவில் கோடு போட்டேன். "வலது பக்கம் போறதெல்லாம் வரவு. இடது பக்கம் போறதெல்லாம் பற்று. இப்போ எழுது." வலப்பக்கம் போன காரின் உந்தம் வரவில் ஒன்று. இடப்பக்கம் போனதன் உந்தம் பற்றில் ஒன்று. மோதுவதற்கு முன்னால் நிலுவை என்ன? பூஜ்யம். மோதிய பிறகு? பூஜ்யம். எதுவும் தொலையவில்லை. கணக்கு டேலி.

இருபது வருடத்துக்கும் மேலாகப் பற்று வரவு பார்த்தே பிழைக்கிறவன் நான். இயற்பியலில் நுழைய எனக்கு ஒரு கதவு இருந்திருக்கிறது, அது தெரியாமலே இருந்துவிட்டேனே என்று இருந்தது.

பற்று, வரவு என்று நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. 628-ல் பிரம்மகுப்தர் கூட்டல் எண்ணுக்கும் கழித்தல் எண்ணுக்கும் விதிகள் எழுதியபோது அவர் வைத்த பெயர்களே தனம், ருணம். சொத்தும் கடனும். இங்கே மராத்தியில் இன்றைக்கும் கழித்தல் எண்ணை 'ருண' எண் என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் இன்னொரு வசதி. ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்பீடு, வெலாசிடி இரண்டுக்கும் வித்தியாசம் மண்டையில் ஏறாது. தமிழில் வேகம், திசைவேகம். பெயரிலேயே திசை இருக்கிறது. தெகார்த் தவறவிட்டதை நம் பாடப்புத்தகச் சொல் தாங்கி நிற்கிறது.

தெகார்த்தின் கணக்கு உதைக்கிறது என்று பலருக்கும் தெரிந்திருந்தது. ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1650-களிலேயே விடையைக் கண்டுபிடித்து, வெளியிடாமல் வைத்திருந்தார். கால்வாயில் போகும் படகில் ஒருவன் இரண்டு குண்டுகளை மோதவிடுகிறான், கரையில் நிற்பவன் அதையே பார்க்கிறான், இரண்டு பேருக்கும் ஒரே விதி பொருந்த வேண்டும் என்று யோசித்தார். (ஊருக்குப் போகும்போது ஓடும் ரயிலில் பெர்த்தில் கார் விட்டு விளையாடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.) 1668-ல் லண்டன் ராயல் சொசைட்டி மோதலைப் பற்றி எழுதித் தரும்படி மூன்று பேரைக் கேட்டது. ஜான் வாலிஸ், மோதியபின் துள்ளாத பொருள்களைப் பற்றி எழுதினார். நம் சப்பாத்தி மாவு கேஸ். கிறிஸ்டோஃபர் ரென்னும் ஹைகன்ஸும் துள்ளிப் பிரிபவற்றைப் பற்றி எழுதினார்கள். கோலி ஆடியவர்களுக்கு அது தெரியும். குறி நச்சென்று விழுந்தால், அடித்த குண்டு அடிபட்ட குண்டின் இடத்தில் நின்றுவிடும், அடிபட்டது பறக்கும். திசைக்குக் கூட்டலும் கழித்தலும் போட்டதும் எல்லாம் நேரானது.

1687-ல் நியூட்டன் தன் 'பிரின்சிபியா'வில் இதையெல்லாம் விதியாக்கினார். மோதலைச் சோதிக்க அவர் ஊசல் குண்டுகளைப் பயன்படுத்தினார். இறுக்கிச் சுற்றிய கம்பளி, எஃகு, தக்கை, கண்ணாடி என்று விதவிதமான குண்டுகள். எனக்குப் பிடித்தது வேறு ஒரு விஷயம். காற்றுத் தடையால் எவ்வளவு குறையும் என்று முதலில் தனியாக அளந்து, அதைச் சரிக்கட்டிய பிறகே முன்னும் பின்னும் ஒப்பிட்டார். பாஸ்புக்குக்கும் கேஷ்புக்குக்கும் வித்தியாசம் வந்தால் நாம் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுவோமே, சாட்சாத் அதேதான்! பின்னாளில் மனிதர் நாணயச்சாலைக்கே தலைவரானதில் ஆச்சரியமில்லை.

*

எதிரெதிரே மோதி நின்ற கார்களில் உந்தம் டேலி ஆகிவிட்டது. ஆனால் அந்த 'டப்' சத்தம்? நசுங்கிய மாவு? அதற்கும் ஏதோ செலவாகியிருக்க வேண்டுமே. 1686-ல் லைப்னிட்ஸ் இதைத்தான் பிடித்துக்கொண்டார். எடையை வேகத்தால் பெருக்கினால் போதாது, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்றார். பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. 1722-ல் ஹாலந்தின் கிராவசாண்டெ பித்தளைக் குண்டுகளை மெதுவான களிமண்ணில் விழவைத்துப் பள்ளத்தை அளந்தார். வேகம் இரண்டு மடங்கானால் பள்ளம் நாலு மடங்கு. பிரான்ஸில் எமிலி து ஷாத்லே என்ற பெண்மணி 1740-ல் எழுதிய நூலில் லைப்னிட்ஸ் பக்கம் நின்று வாதாடினார். நியூட்டனின் நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவரும் அவரே. கடைசியில், இரண்டு கணக்கும் வேண்டும் என்று ஆயிற்று. ஒன்று உந்தம், இன்னொன்று ஆற்றல்.

களிமண்ணுக்குப் பதில் மறுபடி ஜமக்காளம். பலகையை ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தி விட்டால், கார் ஓரடிக்குச் சற்று மேலே போய் நின்றது. இருபது சென்டிமீட்டர் உயர்த்தினால், நாலரை அடி. உயரம் நாலு மடங்கானால் வேகம் இரண்டு மடங்குதான் ஆகும் என்பது கலிலியோ கண்ட கணக்கு. ஆக வேகம் இரண்டு மடங்கு, நிற்கும் தூரம் நாலு மடங்கு. "இன்னும் மூணு நாலு வருஷத்துல ஸ்கூட்டி கேப்பே. நாப்பதுல போறப்ப பிரேக் பிடிச்சு நிக்கிற தூரத்தைப்போல, எண்பதுல போனா நாலு மடங்கு வேணும். ஞாபகம் வெச்சுக்கோ" என்றேன். அப்பன் புத்தி எங்கே போகும்!

அன்றைக்கு எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்போது மகள் கேட்டாள்.

"அப்பா, ஜமக்காளத்துல நின்ன காருக்கு உந்தம் இருந்துச்சுல்ல? பற்றுல யாருமே இல்லையே. அப்போ அது எங்கே போச்சு? கணக்கு டேலி ஆகணுமே?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். ராத்திரி சாப்பிடும்போது அவளே சொன்னாள். "ஜமக்காளம் காரைப் பின்னாடி இழுத்துச்சுன்னா, கார் ஜமக்காளத்தை முன்னாடி தள்ளியிருக்கும். ஜமக்காளம் தரையை, தரை பூமியை. பூமிக்குப் போயிருச்சுப்பா. பூமி அவ்வளவு பெருசு, தெரியலை." ஒரு வாய்ச் சோறு போனது. "நாம பந்தை உருட்டி விடறப்போ நம்ம காலு பூமியைப் பின்னாடி தள்ளியிருக்கும்ல? அப்போ வாங்கின கடனைத்தான் பந்து திருப்பிக் குடுக்குது."

பரீட்சைத் தாளில் கேட்ட அதே கேள்விதான். பந்து ஏன் நிற்கிறது? பூஜ்யம் வாங்கிய பிள்ளை, யாரும் சொல்லித்தராமல் புத்தகத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அடுத்த பரீட்சையில் எவ்வளவு வாங்குவாளோ தெரியாது. எனக்கு அது போதும்.

காமர்ஸ் பேச்சு இன்னும் முடியவில்லை. முடிவு செய்ய இன்னும் காலம் இருக்கிறது. அவளிடம் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கலிலியோவை அவர் அப்பா மருத்துவம் படிக்கத்தான் அனுப்பினார், பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், கிராவசாண்டெ மூன்று பேரும் சட்டம் படித்தவர்கள். வாலிஸ் பாதிரியார். எமிலிக்குப் பெண் என்பதால் கல்லூரி வாசலே கிடையாது. இவர்களில் ஒருத்தர் கூட 'எனக்கு இது வராது' என்று ஒதுங்கவில்லை. காமர்ஸ் எடுப்பதென்றால் தாராளமாக எடுக்கட்டும், நல்ல படிப்பு. ஆனால் பிடித்து எடுக்க வேண்டும். என்னைப்போல் ஓடிவந்து எடுக்கக் கூடாது.

பி.கு.: வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு மூன்று குறிப்புகள். விடுவதற்கு முன்னால் பிள்ளைகளை ஊகம் சொல்ல வையுங்கள், தப்பானால் சிரிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை செய்து சராசரி எடுங்கள், ஒரு தடவை செய்தால் கார் கோணலாகப் போய் ஏமாற்றும். மாவை அச்சில் படாமல் ஒட்டுங்கள். மகனுடைய சிவப்புக் காரில் இன்னும் காய்ந்த மாவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, தினமும் எனக்குத்தான் பாட்டு விழுகிறது :-)